மூச்சு விடாத கேள்வித்தாள்

மழை பிடித்துக்கொண்டால் லாண்டரிக்காரரிடம் யாரும் வாயைக் கொடுக்கக் கூடாது. தங்கமான மனிதர்தான், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர்தான். ஆனால் மொட்டைமாடிக் கொடியில் லாட்ஜுக்காரர்களின் படுக்கை விரிப்புகள் சொட்டச் சொட்டத் தொங்கும்போது, "என்ன அண்ணே, நல்ல மழை போல" என்று எவராவது குசலம் விசாரித்தால் போயிற்று. கேட்டவருடைய சட்டை அந்த வாரம் கருகித்தான் வீடு திரும்பும்.

இந்தக் கதை நடந்த வாரமும் மழை விடாமல் அடித்தது. ஆனால் குற்றம் மழைமேல் இல்லை. மழைக்காலத்துக்கென்றே பாய்லர் அறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். விரிப்புகள் எல்லாம் அந்தச் சூட்டில் மொரமொரவென்று காய்ந்துவிட்டன. காய்ந்தும் என்ன பிரயோஜனம்? கடையின் பின்னறையில் மடிக்காத விரிப்புகள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. லாட்ஜிலிருந்து ஃபோன்மேல் ஃபோன். மடிக்க ஆள் இல்லாமல் இல்லை. மடிக்கிற இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை, அவ்வளவுதான் சங்கதி.

ஒருத்தி லாண்டரிக்காரரின் மனைவி. கம்ப்யூட்டரம்மா என்றால்தான் தெருவில் தெரியும். கடைக்கு மேலே வீடு. அங்கே ஜன்னலோரம் மேஜையைப் போட்டுக்கொண்டு கம்பெனிகளுக்குப் புரோகிராம் எழுதுகிறவள். இன்னொருவர் லாண்டரிக்காரருக்கு உடன்பிறந்த அக்கா, இவளுக்கு அண்ணி. காலேஜில் சமஸ்கிருத இலக்கணம் நடத்துகிற டீச்சர். மாற்றலாகி வந்தபோது, "ஒரு வீடு பார்க்கிற வரைக்கும்" என்று டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியவர். வருஷங்கள் ஓடிவிட்டன. அவரும் வீடு பார்க்கவில்லை. யாரும் பார்க்கச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. பெட்டி மட்டும் பூட்டிய பூட்டோடு கட்டிலுக்கடியில் கிடந்தது.

லாட்ஜ் விரிப்பு என்றால் சும்மா இல்லை, ஒரு சின்ன அறையையே மூடிவிடும். ஒற்றை ஆளாக மடித்தால் ஒரு மூலை தரையைக் கூட்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, விறைப்பாக இழுத்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். பிறகு பின்வாங்கி மறுபடி வர வேண்டும். சாயங்காலம் காலேஜ் விட்டதும் அண்ணியும் இவளும் இந்த வேலையைச் செய்வார்கள். ரொம்ப நாள் வாயே திறக்காமல் செய்தார்கள். இவளுக்கு அண்ணி என்றால் பயம். அண்ணிக்குத் தம்பி பெண்டாட்டி வீட்டில் இடம் அடைத்துக்கொண்டிருக்கிறோம் என்ற கூச்சம். "சாப்டாச்சா அண்ணி?" "ஆச்சும்மா." அதோடு சரி.

ஒருநாள் அண்ணி விரிப்பைப் பிடித்தபடியே தனக்குத்தானே பொரிந்துகொண்டிருந்தார்.

"ஜகத்நாதவாம், ஜகத்நாத! காதை வீட்ல கழட்டி வச்சுட்டு வருதுங்க."

"என்ன அண்ணி?"

"பரீட்சை பேப்பர்ல எழுதியிருக்கும்மா ஒண்ணு. ஜகத், நாத, ரெண்டும் சேர்ந்தா ஜகந்நாத. பக்கத்துல மூக்கால வர்ற எழுத்து நின்னா, இதுவும் மூக்குக்கு மாறிடும். ஒட்டி நிக்கறவனைப் பார்த்து மாறுது, அவ்வளவுதானே?"

"எப்பவுமேவா?"

"எதுக்கு எது வந்தா எது மாறும்னு ஒவ்வொண்ணுக்கும் சூத்திரம் இருக்கு. அந்தக் காலத்துலயே வரிசை போட்டு வச்சுட்டுப் போயிட்டாங்க."

அவள் விரிப்பை மறந்து நின்றுவிட்டாள். "ஒரே இடத்துக்கு ரெண்டு சூத்திரம் வந்தா?"

"வரிசையில பின்னாடி இருக்கறது ஜெயிக்கும். அதுக்கும் விதிவிலக்கு இருக்கு, விடு. கடைசியில ஒரு கூட்டம் சூத்திரம் இருக்கு பாரு, அதுங்க செஞ்ச வேலை முன்னாடி இருக்கற சூத்திரங்களுக்குத் தெரியவே கூடாது. நடக்காத மாதிரிதான் வச்சுக்கணும்."

"அண்ணி! இது புரோகிராம் அண்ணி! நாங்க இப்படித்தான் எழுதுவோம்!"

இஸ்திரி மேஜையிலிருந்து லாண்டரிக்காரர் எட்டிப் பார்த்தார். "எது, நடந்ததை நடக்காத மாதிரி வச்சுக்கறதா? நான் இப்படித்தான் இந்த வீட்ல பிழைச்சிக்கிட்டிருக்கேன். இதுக்குச் சூத்திரம் வேறயா?"

"பின்னாடி வர்றது ஜெயிக்கும்னா இந்த வீட்ல யாருங்க ஜெயிக்கணும்?" என்று கேட்டாள் அவள். "அண்ணி உங்களுக்கு முன்னாடி பொறந்தவங்க. வீட்டுக்கு எனக்குப் பின்னாடி வந்தவங்க."

"எப்படிப் பார்த்தாலும் நான் இல்ல. ஆளை விடுங்க" என்றார் அவர்.

அன்றைக்குத்தான் அண்ணி இந்த வீட்டில் வாய்விட்டுச் சிரித்தார்.

அப்புறம் கேட்கவா வேண்டும்? இஸ்திரி மேஜை ஓரத்தில் லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு சொல்லைக் கொடுத்தால், இன்ன விதிப்படி இன்ன மாதிரி சேரும் என்று சொல்கிற புரோகிராம். அண்ணியின் மாணவர்கள் வீட்டில் உட்கார்ந்து பயிற்சி செய்துகொள்ளலாம். காசுக்காக எழுதும் வேலையெல்லாம் காலையில், இது சாயங்காலத்தில். அண்ணி சூத்திரங்களை வரிசையாகச் சொல்லுவார், மனப்பாடமாகவே. இவள் அதைக் கணினிக்குப் புரியும்படி எழுதுவாள். சோதனை மட்டும் விரிப்பு மடிக்கும்போதுதான். அதற்கு ஒரு முறை தானாக அமைந்துவிட்டது. அண்ணி அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு சொல்லைச் சொல்லுவார். லேப்டாப் அந்தக் குரலைக் கேட்டு விடையை வாய்விட்டுச் சொல்லும்படி இவள் செய்திருந்தாள். விடை சரியென்றால் அண்ணி நடந்து வந்து மூலையைச் சேர்ப்பார். தப்பென்றால் நட்டுவைத்த மாதிரி அங்கேயே நிற்பார். தப்பைத் திருத்துகிற வரைக்கும் விரிப்பு நடுவானத்தில் நிற்கும்.

"சூர்ய, உதய" என்பார் அண்ணி.

"சூர்யோதய" என்னும் லேப்டாப். அண்ணி நடப்பார்.

"மகா, ரிஷி."

"மகாரிஷி."

அண்ணி நிற்பார்.

"அண்ணி, எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க?"

"எல்லாரும் சொல்லட்டும். மகர்ஷி. சமஸ்கிருதத்துல அந்த ரி உயிரெழுத்தும்மா, உன் மெஷின் அதை மெய்யெழுத்துன்னு நினைச்சுக்கிட்டிருக்கு. திருத்து."

"ஒரு கையால எப்படித் திருத்தறது? பெட்ஷீட்டை விட்டா கீழ விழுந்துடும்."

"பல்லால கடிச்சுக்கோ."

லாண்டரிக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். "லாட்ஜ்ல மனுஷன் வெறும் மெத்தையில படுத்திருக்கான். இங்க உயிரெழுத்தாம், மெய்யெழுத்தாம். அந்தப் பெட்ஷீட்டை யாராவது கடிச்சீங்கன்னா திரும்ப நீங்களே துவைக்கணும், சொல்லிட்டேன்!"

கடையில் இஸ்திரி போடுகிற அம்மா ஒருத்தி உண்டு. கை தேய்த்துக்கொண்டே இருக்கும், துணி எடுக்க வருகிறவர்களிடம் வாயும் ஓயாது. "இந்த வீட்லதான் சார் நாத்தனாரும் தம்பி பொண்டாட்டியும் பெட்ஷீட்டைப் பிடிச்சுக்கிட்டுச் சண்டை போடறாங்க. மத்த வீட்லல்லாம் தலைமயிரைப் பிடிச்சுக்குவாங்க" என்பாள்.

சும்மா சொல்லக்கூடாது, கம்ப்யூட்டரம்மாவுக்கு அந்த நாட்களில் தலைகால் புரியவில்லை. கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுக்கிற புரோகிராம் எங்கே போகிறது, யார் பயன்படுத்துகிறார்கள், ஒன்றும் அவளுக்குத் தெரியாது. இங்கே அப்படியா? ஒரு விதி சரியாக விழுந்தால் அண்ணி நடந்து வருகிறார். கண்ணெதிரே வருகிறார், முகமெல்லாம் சிரிப்பாக. சமையற்கட்டில் உருளைக்கிழங்கு உரிக்கும்போதுகூட இருவரும் விதிவிலக்குகளைப் பேசினார்கள். ஒருநாள் குழம்பு அடிப்பிடித்தது. அண்ணி பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, "இது உன் கணக்குல இல்ல, என் கணக்குல" என்றார். அவளுக்கு அக்கா தங்கை கிடையாது. இருந்தால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததோடு சரி, சொல்லவில்லை.

அப்புறம்தான் அந்தக் கேள்வித்தாள் வந்தது.

அண்ணி பரீட்சைக்குக் கேள்வித்தாள் தயார் செய்தார், முழுக்கச் சமஸ்கிருதத்திலேயே. அதில் சில சொற்களைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும், மாணவர்கள் பிரித்து எழுத வேண்டும். "நீங்க தனித்தனியாவே டைப் பண்ணுங்க அண்ணி, அச்சுக்குப் போகும்போது நம்ம புரோகிராமே சேர்த்துக்கும்" என்றாள் இவள். அண்ணிக்கு ஒரே பெருமை. முதல்முதலாக நம் புரோகிராம் காலேஜுக்குப் போகிறது! கேள்வித்தாள் ரகசியம் அல்லவா, அதனால் காலேஜ் அச்சு மெஷினிலிருந்து வந்ததை யாரும் கண்ணெடுத்துப் பார்க்காமல் உறையில் போட்டு ஒட்டிவிட்டார்கள்.

பரீட்சை ஹாலில் உறையைப் பிரித்தால், கேள்வித்தாள் முழுக்க ஒரே ஒரு சொல்.

நிஜமாகவே ஒரே சொல். முதல் கேள்வியின் வால் இரண்டாம் கேள்வியின் தலையோடு சேர்ந்து, அது மூன்றாவதோடு சேர்ந்து, நடுவில் ஓர் இடைவெளி கிடையாது, ஒரு புள்ளி கிடையாது. மேலே ஆரம்பித்து அடுத்த பக்கத்தின் அடியில்தான் போய் நின்றது. சேர்த்தது அத்தனையும் விதிப்படி சரி. அதுதான் கொடுமை. ஹாலில் முதலில் ஒருவன் சிரித்தான், பிறகு எல்லோரும். பிரின்சிபாலே ஓடிவந்து, "என்ன டீச்சர் இது, உங்க வீட்டு லாண்டரி மூட்டையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

அண்ணி குடையைக்கூட விரிக்காமல் மழையில் நடந்து வந்தார். புடவை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மாடியேறி வந்து, ஈரத்தாளை இவள் மேஜைமேல் வைத்தார்.

"படி."

இவள் படித்தாள். மூச்சுப் பிடித்துப் படித்தாள். பாதியில் மூச்சு வாங்கியது. பாழாய்ப்போன சிரிப்பு, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

அண்ணி முகம் சுருங்கிவிட்டது. "சிரி. எல்லாரும் சிரிச்சாச்சு, நீதான் பாக்கி."

"ஐயோ, இல்ல அண்ணி…"

"ஒரு சொல்லுக்குள்ள சேர்த்தே ஆகணும். வாக்கியத்துல சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவுல சேர்க்கறதும் சேர்க்காததும் பேசறவங்க இஷ்டம். இது தெரியாதா உனக்கு?"

"நீங்க சொல்லவே இல்லையே அண்ணி!"

"இதையெல்லாமா சொல்லணும்? எங்க மூச்சு விடணும்னு யாராவது சொல்லிக் குடுப்பாங்களா?"

"சொன்னாத்தான் மெஷின் செய்யும். சொல்லாததை அது எப்படிச் செய்யும்?"

"மெஷினை விடு. மெஷின் சிரிக்கலையே."

அண்ணி போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலையில் எல்லோரும் ரொட்டியும் டீயுமாக உட்கார்ந்திருக்கும்போது அண்ணி தம்பியைப் பார்த்துத்தான் பேசினார். இவளைப் பார்க்கவில்லை.

"ஹாஸ்டல் வார்டன் குவார்ட்டர்ஸ் காலியாவே கிடக்கு. ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்காங்க. போயிடலாம்னு இருக்கேன். உங்களுக்கும் ஒரு ரூம் கிடைக்கும்."

லாண்டரிக்காரர் ரொட்டியை டீயில் நனைத்தபடியே மனைவியைப் பார்த்தார். ஏதாவது சொல்லேன் என்கிற பார்வை. இவள் டீ டம்ளரையே பார்த்தாள். நான் சிரித்த சிரிப்பில்தானே போகிறார், இதில் எந்த வாயை வைத்துக்கொண்டு இருங்கள் என்று சொல்வது? போகவேண்டும் என்று அவருக்கும் ஆசையோ என்னவோ?

"அண்ணிக்கு அதுதான் வசதின்னா சரி" என்றாள்.

"வசதிதான்" என்றார் அண்ணி.

பார்த்தீர்களா? இந்த மரியாதை இருக்கிறதே, இதைப்போல ஆளைப் பிரிக்கிற சாதனம் வேறு கிடையாது. இரண்டு பேரும் அவ்வளவு பதவிசாகப் பேசி, அவ்வளவு அழகாக வயிற்றெரிச்சலை வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். நனைத்த ரொட்டி டீக்குள் பிய்ந்து விழுந்தது. லாண்டரிக்காரர் ஸ்பூனால் அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம்தான் விரிப்புகள் மலையாகக் குவிந்தன. அண்ணி காலேஜிலிருந்து வந்ததும் நேரே அறைக்குள் போய் விடைத்தாள் திருத்த உட்கார்ந்துவிடுவார். கதவுக்கு அந்தப் பக்கத்தில் அவ்வப்போது ஏதோ சத்தம். இருமலா, சிரிப்பா? இவள் டீ டம்ளரோடு வெளியே நின்று காதைக் கொடுத்துக் கேட்டாள். சிரிப்பு மாதிரித்தான் இருந்தது. கதவைத் தட்டியதும் நின்றுவிட்டது. "வச்சுட்டுப் போம்மா" என்று குரல் மட்டும் வந்தது.

இவள் புரோகிராமைத் திருத்த உட்கார்ந்தாள். வேறென்ன தெரியும் அவளுக்கு? மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர்கள் எதையாவது சரி செய்துகொண்டுதான் இருப்பார்கள். ஒரு சொல்லுக்குள் என்றால் கேட்காமல் சேர்க்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் என்றால் நின்று, எழுதுகிறவரைக் கேட்கும். எழுதுவது பெரிய வேலையில்லை. சோதித்துப் பார்ப்பதுதான் பாடாய்ப் படுத்தியது. அவள் தப்பைச் சரி என்று நினைத்துக்கொண்டிருப்பாள், எதிரே நின்றுவிட ஆள் இல்லையே.

கடைசியில் ஒரு விரிப்பின் இரண்டு மூலையைப் பின்னறைக் கதவின் தாழ்ப்பாளில் கட்டி, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு, "வாக், ஈச" என்று கதவைப் பார்த்துச் சொன்னாள். "வாகீச" என்றது லேப்டாப். இவளே நடந்துபோய் மூலையைக் கதவோடு சேர்த்தாள்.

இஸ்திரியம்மா தேய்ப்பதை நிறுத்தினாள். "கதவுக்குச் சமஸ்கிருதம் வருதா?"

"நீங்க வேற."

"நான் வேறதான். ஏம்மா, நான் வாயைத் திறந்து சொல்றேன், கோச்சுக்காதே. மத்த வீட்ல சண்டை போட்டுக்கறாங்க, அதனால ராசியாயிடறாங்க. நீங்க ரெண்டு பேரும் மரியாதைதானே போட்டுக்கறீங்க? அதுக்கு முடிவே கிடையாது."

"அவங்களுக்கே போகணும்னு இருக்கு."

"சொன்னாங்களா?"

"வசதின்னு சொன்னாங்க."

"நானும்தான் இந்த இஸ்திரிப்பெட்டி வசதின்னு சொல்றேன். கை வெந்து போகுது" என்றாள் இஸ்திரியம்மா.

டிரங்குப் பெட்டி கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்தது. "டேய், ஹாஸ்டல் வழியா லாட்ஜுக்கு வேன் போகும்போது இதையும் ஏத்திக்கிட்டுப் போ" என்று அண்ணி தம்பியிடம் சொன்னார். தம்பி அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். ஒரு மறுப்பாவது சொல்வார் என்று இவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசாமி வேன் கதவைச் சாத்திவிட்டுப் பீடாக்கறை மாதிரி ஏதோ ஒட்டியிருந்த மேஜைவிரிப்பை ஊறவைக்கப் போய்விட்டார். என்ன மனுஷன் இவர், கூடப்பிறந்தவள் போகிறாள், கறையைப் பார்க்கிறாரே என்று இவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கிளம்புகிற அன்று மழை கொஞ்சம் விட்டிருந்தது. தெருவில் தேங்கிய தண்ணீரில் ஆட்டோக்கள் வாரியடித்துக்கொண்டு போயின. அண்ணி கைப்பையும் குடையுமாகக் கீழே இறங்கி, பின்னறை வழியாக வந்தார். இவள் தாழ்ப்பாளில் விரிப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். கதவைக் கட்டிப்போட்டால் அண்ணி எப்படி வெளியே போவார்? அவசரமாக அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு இறுகிக்கொண்டது.

"என்னம்மா இது?"

"ஒண்ணுமில்ல அண்ணி. சோதனை பண்ணிக்கிட்டிருந்தேன்."

அண்ணி கதவையும் பார்த்தார், லேப்டாப்பையும் பார்த்தார். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"திருத்திட்டியா?"

"திருத்திட்டேன். இப்போ கேட்டுட்டுத்தான் சேர்க்கும்." பிறகு எதையாவது சொல்லி ஆளை நிறுத்தவேண்டும் என்று, "பிரின்சிபால் ரொம்பத் திட்டிட்டாரா அண்ணி?" என்று கேட்டாள்.

"அவர் கிடக்கார். மறுபடி பரீட்சை வைக்கணும்னார். பசங்க விடலை. வெளியில வந்து உட்கார்ந்து அந்த ஒரே சொல்லை ஆளுக்கொரு துண்டாப் பிரிச்சு, எது எங்க முடியுதுன்னு அடிச்சுக்கிட்டு, எல்லாத்துக்கும் பதில் எழுதிக் குடுத்துடுச்சுங்க. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட இப்படி எழுதினதில்ல. ஒருத்தன் கடைசியில எழுதியிருக்கான், 'டீச்சர், மூச்சு முட்டுது, ஆனா நல்லாயிருக்கு, அடுத்த தடவை இன்னும் நீளமா குடுங்க'ன்னு." அண்ணிக்கு இப்போது சிரிப்பு வந்தே விட்டது. "திருத்த உட்கார்ந்தா சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது."

"அப்போ நான் கேட்டது சிரிப்புத்தானா! என்மேல கோபம் இல்லையா?"

"கோபமெல்லாம் அன்னிக்கே போச்சும்மா. ஈரப்புடவையோட வந்த கோபம், புடவை காயறதுக்குள்ள போயிடுச்சு."

"அப்புறம் ஏன் அண்ணி போறீங்க?"

அண்ணி குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நீ இருன்னு சொல்லலையே."

"இதையெல்லாமா சொல்லணும்?" என்று கத்திவிட்டாள் அவள்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. அண்ணிக்கும் உறைத்தது. இஸ்திரியம்மா கையிலிருந்த இஸ்திரிப்பெட்டியைச் சட்டைமேல் வைக்காமல் தாங்கிமேல் வைத்தாள். சட்டை பிழைத்தது.

"சொல்லாம எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் அண்ணி. "வீடு பார்க்கிற வரைக்கும்னு வந்தவ நான். ஒவ்வொரு மாசமும் நினைப்பேன், இந்த மாசம் யாராவது கேட்டுடுவாங்கன்னு. பெட்டியை முழுசாத் திறந்ததே இல்ல தெரியுமா உனக்கு?"

கம்ப்யூட்டரம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. விரிப்பு முனையால் துடைத்துக்கொண்டாள். துவைத்த விரிப்பு, போகட்டும்.

"அண்ணி, நீங்க போகக் கூடாது. வசதி கிசதி எல்லாம் பொய். சாயங்காலம் ஆனா நீங்க வர்ற காலடிச் சத்தத்துக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன். நீங்க இல்லாம எனக்கு ஒண்ணுமே ஓடலை. கதவோட பேசிக்கிட்டிருக்கேன், பாருங்க. அன்னிக்குச் சிரிச்சது தப்பு. இருங்கன்னு வாயைத் திறந்து சொல்லாதது அதைவிடப் பெரிய தப்பு. இப்போ சொல்றேன். இருங்க. எப்பவும் இருங்க."

"இவ்வளவு நீளமாச் சொல்ல வேணாம்மா" என்று அண்ணி மூக்கை உறிஞ்சினார். "மூச்சு விட்டுட்டுச் சொல்லு."

மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அண்ணிக்குத் திடீரென்று ஞாபகம் வந்துவிட்டது.

"ஐயையோ, என் பெட்டி! ஹாஸ்டலுக்குப் போயிடுச்சே. பியூன் இந்நேரம் குவார்ட்டர்ஸ்ல வச்சுப் பூட்டியிருப்பான். போய் என்னன்னு சொல்லித் திரும்ப வாங்கறது?"

தொட்டிப் பக்கத்திலிருந்து லாண்டரிக்காரர் கை நிறைய நுரையோடு வந்து நின்றார். இவ்வளவு நேரமும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார், கள்ளன்.

"பெட்டி எங்கேயும் போகல. வேன்லயேதான் இருக்கு."

"என்னடா சொல்றே? நான் அன்னிக்கே ஏத்தச் சொன்னேனே!"

"ஏத்தச் சொன்னே, ஏத்தினேன். இறக்கச் சொன்னியா?"

அண்ணி வெளியே நின்ற வேனை எட்டிப் பார்த்தார்.

"ஹாஸ்டல் வாசல் வழியாத்தான் தினமும் போறேன். பெட்டியும் என்கூட லாட்ஜுக்குப் போயிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு, சுத்திப் பார்த்துட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துடும். யாராவது ஒருத்தி வாயைத் திறப்பாளா மாட்டாளான்னு நானும் பெட்டியும் காத்துக்கிட்டிருந்தோம்."

"உங்க வாயைத் திறந்திருக்கலாமே!" என்றாள் மனைவி.

"திறப்பேனா? நீங்க ரெண்டு பேரும் பிடிச்சிருக்கற பெட்ஷீட்டுக்கு நடுவுல வந்தா என்னையும் சேர்த்து மடிச்சுடுவீங்க." அவர் நுரைக்கையை உதறினார். "அழுதது போதும். லாட்ஜ்காரன் வந்தா என்னையே விரிச்சுப் படுத்துக்குவான். மலையாக் கிடக்கு பாருங்க!"

அண்ணி குடையை மூலையில் சாய்த்தார். கைப்பையை ஆணியில் மாட்டினார். தாழ்ப்பாளில் இறுகியிருந்த முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்து, இரண்டு மூலையையும் கையில் பிடித்துக்கொண்டு பின்வாங்கி நின்றார். இவள் மறுமுனையை விறைப்பாக இழுத்து உதறினாள். பாய்லர் சூடும் சோப்பு வாசனையுமாக விரிப்பு இருவருக்கும் நடுவில் எழும்பித் தணிந்தது.

"கதவு சரின்னு சொன்னதையெல்லாம் நான் நம்ப மாட்டேன். முதல்லேருந்து பார்க்கணும்" என்றார் அண்ணி. "மகா, ரிஷி."

லேப்டாப் ஒரு நொடி யோசித்தது.

"மகாரிஷி."

"ஐயோ! இது சரியாத்தானே இருந்துச்சு!" என்று அலறினாள் அவள். "புதுசா எழுதினதுல பழசு கெட்டுப்போச்சு!"

முன்கடையில் லாட்ஜ்காரனின் ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. லாண்டரிக்காரர் கெஞ்சுகிற குரலில், "அக்கா, இந்த ஒரு பெட்ஷீட்டை மட்டும் மடிச்சிடேன்" என்றார்.

"முடியாது. அது தப்பு" என்றார் அண்ணி, விரிப்பின் இரண்டு மூலைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு. "அவ திருத்தற வரைக்கும் நான் இங்கேருந்து நகர மாட்டேன்."

அவள் தன் பக்கத்து மூலைகளைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டத் தொடங்கினாள்.